பழைய வீடும் பழைய தோட்டமும்: நகரத்தை விட்டுத் திரும்புவோருக்கு நந்திதுர்க் தரும் பாடங்கள்

நகரத்தில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தபின், சிற்றூர் ஒன்றில் பழைய வீட்டைச் செப்பனிட்டு, அதைச் சுற்றியுள்ள தோட்டத்தையும் மீட்டு, எஞ்சிய காலத்தை அங்கே கழிக்க வேண்டும் என்னும் விருப்பம் நம் வாடிக்கையாளர்களில் பலருக்கு உண்டு. சிலருக்கு அது தந்தையார் வாழ்ந்த வீடு. சிலருக்கு அது விலைக்கு வந்துள்ள ஓர் ஓட்டுவீடும் கால் ஏக்கர் நிலமும். விருப்பம் நல்லதே. ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு முழுவதும் ஒரே சொத்தில் சென்று சேரும் செயல் இது. ஆகவே, மனம் முடிவு செய்வதற்குள் ஆவணங்களையும் மண்ணையும் கணக்கையும் பார்த்துவிட வேண்டும்.

இவ்விதழில் கோலார் தங்கவயலின் நந்திதுர்க் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடத்தை அமைத்துள்ளோம். பெங்களூருவிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் ஊர் இது. பழைய வீட்டுக்குத் திரும்புவோர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஓரிடத்திலேயே காணக் கிடைக்கின்றன. இங்கே கற்றதை எந்த ஊரிலும் பயன்படுத்தலாம்.

1. முதலில் ஊரின் வரலாறு

பெயர் ஒற்றுமையால் சிலர் இதனைச் சிக்கபள்ளாபுரம் பக்கத்து நந்தி மலை என்று எண்ணுவதுண்டு. இரண்டும் வேறு. இங்கு நாம் பேசுவது தங்கச் சுரங்கம் ஒன்றின் பெயரால் அமைந்த குடியிருப்புப் பகுதி. 1870-களில் மைக்கேல் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் பெற்றுத் தங்கம் தேடத் தொடங்கினார். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் சுரங்கத் தொழில் வேரூன்றியது. வடக்கிலிருந்து தெற்காகப் பாலகாட், நந்திதுர்க், உரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் எனச் சுரங்கங்கள் வரிசையாக அமைந்தன. 1894-இல் பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை இரயில் பாதை வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் தட்டி வீடுகளிலும் லைன் வீடுகளிலும் குடியேறினர். அதிகாரிகளுக்கு ஓட்டுக்கூரையும் அகன்ற தாழ்வாரமும் பெரிய தோட்டமும் கொண்ட பங்களாக்கள் எழுந்தன.

1956-இல் மைசூர் மாநில அரசும், 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் உருவாயிற்று. நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், மைசூர் ஆகிய மூன்றும் தனித்தனிச் சுரங்கங்களாக இயங்கின. 28.2.2001 அன்று உற்பத்தி நின்றது. அதன்பின் ஊரின் உழைக்கும் மக்கள் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருவுக்குச் சென்று இரவில் திரும்பும் வாழ்க்கை தொடங்கியது. நகரத்திலேயே குடியேறிவிட்டவர்களும் பலர். அவர்களின் பிள்ளைகளே இன்று பழைய வீட்டைப் பற்றி எண்ணத் தொடங்கியுள்ளனர்.

இந்த வரலாற்றை நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு வீட்டை யார் கட்டினார், எந்த நிலத்தில் கட்டினார், அவருக்குப் பின் அந்நிலம் யாரிடம் சென்றது என்பதே அதன் உரிமையைத் தீர்மானிக்கிறது. ஊரின் வரலாறு தெரியாமல் பத்திரத்தைப் படித்தால் பாதிதான் விளங்கும்.

2. நிலம் யாருடையது?

தங்கவயலில் ஏறத்தாழ 12,000 ஏக்கர் நிலம் சுரங்க நிறுவனத்தின் வசம் இருந்தது. ஆகவே, இங்குள்ள பழைய வீடுகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வகை, தனியாருக்குச் சொந்தமான மனையில், பதிவு செய்யப்பட்ட பத்திரத்துடன் உள்ள வீடு. ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை போன்ற நகராட்சிப் பகுதிகளில் இத்தகையவை உண்டு. இவற்றுக்கு மூலப்பத்திரம், நகராட்சியின் காத்தா, வரி ரசீது, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம்.

இரண்டாம் வகை, சுரங்க நிறுவனம் தன் ஊழியருக்கு ஒதுக்கிய குடியிருப்பு. ஒதுக்கீட்டுக் கடிதம், மின்கட்டண ரசீது, அம்முகவரியிலுள்ள குடும்ப அட்டை ஆகியவை அவ்வீட்டில் வாழ்ந்ததற்குச் சான்று. அவை உடைமைக்குச் சான்று அல்ல. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி என்பதை அறிவோம். தந்தையார் பூமிக்கடியில் முப்பது ஆண்டுகள் உழைத்த வீடாயினும், பதிவு செய்த பத்திரத்தின் வழியாக உரிமை மாற்றப்படும் வரை அதனை அடமானமாக ஏற்று எந்த வங்கியும் கடன் வழங்க இயலாது. அதுவரை கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்குச் செலவிடுவது நியாயம். சேமிப்பு முழுவதையும் இட்டுப் புதுப்பிப்பது இடர் மிகுந்தது.

மூன்றாம் வகை, சுற்றுப்புறக் கிராமங்களிலுள்ள விவசாய நிலமும் அதிலுள்ள பழைய தோட்டவீடும். இதற்கு வருவாய்த் துறையின் பஹணி முதன்மையான ஆவணம். கர்நாடகத்தில் விவசாயி அல்லாதவர் விவசாய நிலம் வாங்குவதற்கு இருந்த தடை 2020-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் நீங்கியது. எனினும் வீடு கட்டவோ, விவசாயம் அல்லாத தொழில் நடத்தவோ நிலப்பயன்பாட்டு மாற்ற ஆணை பெற வேண்டும்.

இவ்வகையில் மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அரசு வழங்கிய நிலங்களை, அரசின் முன்னனுமதியின்றி விற்பதை 1978-ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் தடைசெய்கிறது. அனுமதியின்றி வாங்கிய நிலம், விலை முழுவதும் கொடுத்த பின்னும், மீண்டும் உரியவரிடமே சேர்க்கப்படலாம். நிலம் முதன்முதலில் யாருக்கு, எவ்வகையில் வழங்கப்பட்டது என்பதைத் தாலுகா அலுவலகத்தில் பார்த்தறிய வேண்டும்.

“பொது அதிகாரப் பத்திரம் எழுதித் தருகிறோம், முத்திரைத்தாளில் ஒப்பந்தம் போட்டுக்கொள்வோம்” என்று எவரேனும் கூறினால் அங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் அசையாச் சொத்தின் உரிமை மாறாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்தியுள்ளது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் ஒன்றே உரிமையை மாற்றும்.

வில்லங்கச் சான்றிதழைக் கர்நாடகப் பதிவுத்துறையின் ‘காவேரி’ இணையதளத்தில் பெறலாம். அங்கே 2004-ஆம் ஆண்டு முதலான பதிவுகளே கிடைக்கும். அதற்கு முந்திய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய சொத்துக்கு முப்பது ஆண்டு வில்லங்கம் பார்ப்பது பாதுகாப்பானது.

3. உடன்பிறந்தோரின் ஒப்புதல்

பூர்விக வீட்டுக்குத் திரும்புவோர் பெரும்பாலும் மறந்துவிடுவது இதனையே. வீடு தாத்தாவின் பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் நான்கு ஊர்களில் இருப்பார்கள். “அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார், அக்காவுக்கு இதில் நாட்டமில்லை” என்ற நம்பிக்கையில் ஒருவர் மட்டும் பணம் செலவிட்டு வீட்டைப் புதுப்பிப்பார். வீட்டின் மதிப்பு உயர்ந்தபின் கேள்விகள் எழும்.

2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தத்தின்படி கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. உச்ச நீதிமன்றம் 2020-இல் இதனை உறுதிசெய்துள்ளது. எனவே, முதல் மூட்டை சுண்ணாம்பு வாங்குமுன், வாரிசுச் சான்றிதழ் பெற்று, பாகப்பிரிவினைப் பத்திரமோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். விட்டுக்கொடுப்பவருக்கு உரிய தொகையை வங்கிக் கணக்கின் வழியாக வழங்குவது இரு தரப்புக்கும் நல்லது. உறவும் நிலைக்கும், உரிமையும் நிலைக்கும்.

4. கட்டடத்தைப் படித்தல்

உரிமை தெளிந்தபின் கட்டடத்துக்கு வருவோம். தங்கவயலின் நிலத்தடி, பல அடுக்குகளாகக் குடையப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. சுரங்கம் இயங்கிய காலத்தில் பாறை வெடிப்புகளால் நிலம் அதிர்ந்து, மேலேயுள்ள வீடுகளில் விரிசல் விழுவது வழக்கம். ஆகவே, இங்கே சுவரில் காணும் விரிசலைப் பூசி மறைத்துவிடக் கூடாது. விரிசலின் இருபுறமும் குறியிட்டு, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கவனிக்க வேண்டும். விரிந்துகொண்டே போனால் அது அடித்தளத்தின் சிக்கல். பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை இன்றி மேற்கொண்டு செலவிடுதல் ஆகாது.

பழைய சுவர்கள் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. அவை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் தன்மையுள்ளவை. அதன்மீது சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே தங்கிப்போகும். சில ஆண்டுகளில் பூச்சு உப்பி உதிரும், செங்கல்லும் அரிக்கப்படும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே பொருத்தம். செட்டிநாட்டு வீடுகளைச் செப்பனிடுவோர் இம்முறையையே கையாள்கின்றனர். வேலை மெதுவாக நடக்கும், தேர்ந்த கொத்தனார் வேண்டும், கூலியும் கூடும். ஆனால் இருமுறை செலவு நேராது.

கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, சன்னல், ஓடு ஆகியவற்றை மீண்டும் பயன்படுத்திச் செலவைக் குறைத்தார். பழைய வீட்டில் எதையும் அகற்றுமுன் ஒரு பட்டியல் எடுத்து, எவை மீண்டும் பயன்படும் என்று பிரித்துக்கொள்வது பயன் தரும். மின்கம்பிகளை மட்டும் பழையதென்று விட்டுவைத்தல் கூடாது. முழுவதையும் மாற்ற வேண்டும்.

மதிப்பீட்டாளர் தரும் செலவுத் தொகையோடு கால்பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்பது நம் பரிந்துரை. ஓட்டைப் பிரித்தபின்தான் செல்லரித்த உத்திரம் கண்ணில் படும்.

5. மண்ணும் நீரும்

நந்திதுர்க்கைச் சுற்றிலும் வெளிர்நிற மேடுகள் தென்படும். பொன்னைப் பிரித்தபின் கொட்டப்பட்ட அரைத்த பாறைத்தூளே அம்மேடுகள். ஊர்மக்கள் இவற்றைச் சயனைடு மேடு என்பார்கள். காற்றடிக்கும் மாதங்களில் இவற்றின் தூசு வீடுகளின்மீதும் தோட்டங்களின்மீதும் படிகிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால் பாறையிலிருந்து வந்த கன உலோகங்கள் சிதைவதில்லை. 13 மேடுகளில் எஞ்சியுள்ள பொன்னைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. ஆகவே, மேட்டையொட்டிய வீட்டை வாங்க எண்ணுவோர், அப்பணி தொடங்கினால் தூசும் லாரிப் போக்குவரத்தும் எவ்வாறிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உண்ணும் காய்கறி வளர்ப்பதற்குமுன் மண்ணைப் பரிசோதிப்பது இங்கே இன்றியமையாதது. வழக்கமான காரத்தன்மை, உப்புத்தன்மை, தழை மணி சாம்பல் சத்துகளோடு கன உலோகச் சோதனையையும் கேட்டுப் பெற வேண்டும். கிணற்று நீருக்கும் அவ்வாறே. முடிவு ஐயத்துக்கிடமாயின், முதல் ஆண்டுகளில் பூச்செடிகளும் நிழல்மரங்களும் வைத்து, காய்கறியை வெளியிலிருந்து கொணர்ந்த மண் நிரப்பிய தொட்டிகளில் வளர்க்கலாம்.

நீருக்கு வருவோம். கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு இல்லை. சுரங்க நிறுவனமே பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்துதான் நீர் கொணர்ந்தது. மாவட்டத்தில் நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டுள்ளது. ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடிக்குக் கீழும் செல்கின்றன. பெங்களூருவின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏரிகளில் நிரப்பும் திட்டம் 2018 முதல் நடைமுறையில் உள்ளது. ஆயினும், ஒரு தோட்டத்தின் வாழ்வை ஒற்றை ஆழ்துளைக் கிணற்றை நம்பித் திட்டமிடுவது அறிவுடைமையன்று.

மழைநீரைக் கணக்கிட்டுப் பார்ப்போம். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். 1,000 சதுர அடிக் கூரையில், அதாவது 93 சதுர மீட்டரில், இம்மழை 65,000 லிட்டர் நீரைத் தரும். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 52,000 லிட்டர் மிஞ்சும். பத்து இளங்கன்றுகளுக்கு நாளொன்றுக்குப் பத்து லிட்டர் வீதம் 100 லிட்டர் தேவை. கோடையின் 120 நாட்களுக்கு 12,000 லிட்டர் போதும். ஆகவே, 12,000 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டி ஒன்றே பத்து மரங்களைக் கோடை கடத்திவிடும். மிகுதி நீரைக் கிணற்றுக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்பலாம்.

6. மீண்ட நிலங்கள் காட்டும் வரிசை

வறண்ட நிலம் மீளுமா என்ற ஐயம் எழலாம். மீண்டதற்குச் சான்றுகள் உண்டு. புதுச்சேரிக்கு அருகே 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அப்பீடபூமி மண்ணரிப்பால் மொட்டையாகிக் கிடந்தது. அங்கு வந்தோர் முதலில் வரப்புகள் அமைத்து மழைநீரைத் தடுத்தனர். அடுத்து, எதையும் தாங்கி விரைவில் வளரும் மரங்களை நட்டு நிழல் உண்டாக்கினர். அந்நிழலில்தான் அம்மண்ணுக்குரிய இயல்பான மரங்கள் வேர்கொண்டன. கோவில்பட்டி வேளாண் ஆய்வு நிலையத்தில் தம் அரசுப் பணியைத் துறந்த கோ. நம்மாழ்வார், புதுக்கோட்டை மாவட்டத்தில் ‘கொழுஞ்சி’ப் பண்ணையையும், பின்னர்க் கரூர் மாவட்டத்துக் கடவூரில் ‘வானகம்’ பண்ணையையும் வறண்ட நிலத்திலேயே உருவாக்கினார்.

இவற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது வேலையின் வரிசை: முதலில் நீரைத் தடுத்தல், அடுத்து மண்ணை மூடுதல், பிறகே பழமரம். பழைய தோட்டம் ஒன்றை மீட்கும்போதும் இவ்வரிசையே பொருந்தும். முதல் ஆண்டில் பழைய மரம் எதையும் வெட்டாதீர்கள். காய்ந்ததுபோல் தோன்றும் மாமரம் கவாத்துக்கும் உரத்துக்கும் பின் துளிர்ப்பதுண்டு. நூறாண்டுப் புளியமரம் தரும் நிழலை எந்தக் கடனாலும் வாங்க முடியாது.

வருமானத்துக்கும் வரிசை உண்டு. பி.கே.எம்-1 முருங்கை ஆறேழு மாதங்களில் காய்க்கத் தொடங்கும். பப்பாளி ஏறத்தாழ ஓராண்டில் பலன் தரும். ஒட்டு மா கணிசமாகக் காய்க்க ஆறு ஆண்டுகளேனும் ஆகும். மாவை மட்டும் நட்டுவிட்டு மூன்றாம் ஆண்டில் அதன் வருவாயிலிருந்து தவணை கட்ட எண்ணினால் கணக்கு பொய்த்துவிடும்.

7. பணத்தின் கணக்கு

வீட்டுக் கடன் வீட்டுக்கே உரியது. விவசாய நிலம் வாங்க அதனைப் பயன்படுத்த இயலாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 இலட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் அதிகபட்சம் 90 விழுக்காடும், 75 இலட்சம் வரை 80 விழுக்காடும், அதற்கு மேல் 75 விழுக்காடும் வழங்கலாம். சொந்தப் பெயரில் தெளிவான பத்திரமுள்ள வீட்டைப் பழுதுபார்க்கவும் விரிவாக்கவும் தனிக் கடன் உண்டு. வேலை முடிய முடியத் தொகை பகுதி பகுதியாக விடுவிக்கப்படும். பயிர்ச் செலவுக்கு விவசாயிக் கடன் அட்டை பொருத்தமானது. குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டிச் சலுகையும் உண்டு. அடமானமின்றி வழங்கும் விவசாயக் கடனின் வரம்பு 1.1.2025 முதல் 2 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது.

தவணைக் காலத்தைத் தேர்வதில் கவனம் வேண்டும். எடுத்துக்காட்டாக, 9 விழுக்காடு வட்டியில் 10 இலட்சம் ரூபாய்க் கடனைப் பார்ப்போம்.

பத்து ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை 12,668 ரூபாய். மொத்த வட்டி ஏறத்தாழ 5.20 இலட்சம்.
பதினைந்து ஆண்டுகளில், தவணை 10,143 ரூபாய், வட்டி 8.26 இலட்சம்.
இருபது ஆண்டுகளில், தவணை 8,997 ரூபாய், வட்டி 11.59 இலட்சம்.

பதினைந்திலிருந்து இருபதுக்குச் சென்றால் மாதம் 1,146 ரூபாய் குறைகிறது. அதற்கு விலையாக 3.33 இலட்சம் ரூபாய் வட்டி கூடுகிறது. மாறும் வட்டியில் பெற்ற வீட்டுக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைப்பதற்குக் கட்டணம் இல்லை. ஆகவே, பணிக்கொடையோ வேறு தொகையோ வரும்போது அசலில் ஒரு பகுதியைச் செலுத்திவிடுவது நல்லது. கடன் முழுவதும் அடைந்தபின் மூலப்பத்திரங்களை 30 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது 1.12.2023 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதி. வங்கியால் நேரும் தாமதத்துக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு பெறும் உரிமை உங்களுக்கு உண்டு.

8. வேலையை விடுவது எப்போது?

கடன் வழங்கப்படுவது பெரும்பாலும் சம்பளத்தை நம்பி. கடன் பெற்ற ஆறாம் மாதத்தில் சம்பளம் நின்றால், தவணை தோட்டத்தின் தோளில் விழும். இளந்தோட்டத்தால் அதனைச் சுமக்க இயலாது. எனவே, வேலையை விடும் எண்ணம் இருப்பின் அதனைக் கடன் விண்ணப்பத்தின்போதே எங்கள் கிளை அலுவலரிடம் கூறிவிடுங்கள். அதற்கேற்பத் தொகையைக் குறைத்தோ, துணைவரின் வருமானத்தைச் சேர்த்தோ திட்டமிட வழியுண்டு.

வேலையைத் துறக்குமுன் மூன்று இருப்புகள் கையிலிருக்க வேண்டும் என்பது நம் கருத்து: 24 மாத வீட்டுச் செலவுக்கான வைப்புத்தொகை, 12 மாதத் தவணைக்கான தொகை, குடும்பம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு. அலுவலகம் தந்துவந்த காப்பீடு வேலையோடு நின்றுவிடும். ஐம்பது வயதுக்குமேல் புதிதாக எடுப்பதற்குச் செலவும் கூடும், காத்திருப்புக் காலமும் உண்டு.

இரயில் வசதியுள்ள நந்திதுர்க் போன்ற ஊருக்கு இடைவழி ஒன்றும் உண்டு. வேலையை விடாமல், முதல் ஆண்டு வாரக் கடைசிகளில் சென்று தங்கலாம். ஒரு கோடையையும் ஒரு மழையையும் அவ்வீட்டில் கழித்துப் பார்க்கலாம். மருத்துவமனை எவ்வளவு தொலைவு, குழாயில் நீர் எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது, வயதான பெற்றோர் அங்கே மனநிறைவோடு இருப்பார்களா என்பவற்றுக்கு அந்த ஓராண்டு விடை சொல்லும். விடை ‘இல்லை’ என வந்தாலும், இழப்பது சில இரயில் சீட்டுகளின் விலை மட்டுமே.

முடிவாக

ஓராண்டுத் திட்டமாக இதனைச் சுருக்கிக் கூறலாம். முதல் மூன்று மாதங்கள் ஆவணங்களுக்கும் வாரிசு ஒப்புதலுக்கும். அடுத்த மூன்று மாதங்கள் பொறியாளர் அறிக்கைக்கும் மண், நீர்ச் சோதனைக்கும். ஏழாம் மாதம் வங்கிக்கு வருதல். மழைக்குமுன் கூரையும் தொட்டியும். மழை தொடங்கியபின் நடவு. இவ்வரிசையில் முதற்படி தேறாவிட்டால், இரண்டாம் படிக்குப் பணம் செலவிட வேண்டாம்.

நந்திதுர்க்கின் தொழிலாளர்கள் ஈட்டிய பணிக்கொடையும் சேமநிதியும் பூமியின் ஆழத்திலிருந்து உடலுழைப்பால் கொணரப்பட்டவை. அத்தகைய பணம், தெளிவில்லாத ஒரு பத்திரத்தில் கரைந்துவிடலாகாது. வீடு பார்த்துவிட்டீர்கள் என்றால், முன்பணம் கொடுப்பதற்குமுன் ஆவணங்களின் நகல்களோடு அருகிலுள்ள எங்கள் கிளைக்கு வாருங்கள். வழக்கறிஞரின் சட்டக் கருத்துரை பெறும் வழிமுறையை விளக்கி உதவுவோம். வாங்கலாம் என்றாலும் வேண்டாம் என்றாலும், அதனை முன்பணம் கைமாறுமுன் அறிந்துகொள்வதே உங்கள் சேமிப்புக்குக் காவல்.